துடிப்பு 64-க்கு வந்துவிட்டது, ஆனால் குதிரை சரியாகத் தெரியவில்லை: அடுத்த சுற்றுக்கு விடலாமா?

நெடுவழி (கேள்வி)

வணக்கம். 80 கி.மீ. எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைப் போட்டி). 32, 28, 20 என்று மூன்று சுற்று. நடுவில் இரண்டு வெட் கேட் (மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் நிறுத்தம்), ஒவ்வொன்றிலும் 40 நிமிடம் கட்டாய ஓய்வு. குதிரை அரபி, 9 வயது, 430 கிலோ. வெயில் 33 டிகிரி, காற்றில் ஈரம் அதிகம்.

முதல் கேட்டில் 4 நிமிடத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 60. ஓடவிட்டுப் பார்த்த சி.ஆர்.ஐ. (ஓடுமுன் எண்ணிய துடிப்பு / ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆனதும் எண்ணியது) 56/56. குடல் ஓசை நான்கு பக்கமும் கேட்டது. ஒரு வாளித் தண்ணீர் குடித்தது.

இரண்டாம் கேட்டில் 64-க்கு இறங்க 13 நிமிடம் ஆனது. சி.ஆர்.ஐ. 64/72. இடது மேல்பக்கம் குடல் ஓசை கிட்டத்தட்ட இல்லை. ஈறு விரலில் ஒட்டுகிறது. அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டரை விநாடி. வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வாளியில் மூக்கை நனைத்ததோடு சரி. நொண்டல் இல்லை.

கேட் மருத்துவர் "பார்த்துப் போங்கள்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால், மிச்சமுள்ள 20 கி.மீ.-ஐ மெதுவாக முடிக்கலாமா? குடிக்காத குதிரைக்கு 60 கிராம் எலக்ட்ரோலைட் பேஸ்ட்டை வாயில் ஏற்றலாமா? பின்பக்கத் தசையில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு சாரார், தாராளமாக ஊற்று என்று இன்னொரு சாரார். எது சரி? வலி மருந்து கொடுத்தால் சாப்பிடத் தொடங்குமா?

ஸ்டெத்

விட வேண்டாம். மெதுவாகவும் வேண்டாம்.

64-க்குள் வந்தால்தான் மருத்துவர் குதிரையைத் தொட்டே பார்ப்பார். அந்த எண்ணுக்கு உள்ள வேலை அவ்வளவுதான். எஃப்.ஈ.ஐ. (சர்வதேசக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பு) விதியில் இடைக் கேட்டுக்கு 15 நிமிடம் தருகிறார்கள், அமெரிக்க எண்டூரன்ஸ் அமைப்பான ஏ.இ.ஆர்.சி. 30 நிமிடம் தருகிறது. 13 நிமிடம் இரண்டு விதிக்கும் உட்பட்டதுதான். ஆனால் இதே குதிரை முதல் கேட்டில் 4 நிமிடத்தில் 60-க்கு வந்தது. மற்ற குதிரைகளோடு ஒப்பிடாதீர்கள். காலையில் இருந்த இதே குதிரையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கேட் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துடிப்பு, குடல், ஈறு, பசி நான்கும் ஒரே திசையில் சரிந்திருக்கின்றன. ஒன்று மட்டும் சரிந்திருந்தால் காரணம் தேடலாம். நான்கும் சேர்ந்து சரிந்தால் தேட ஒன்றுமில்லை.

சி.ஆர்.ஐ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இதைத் தப்பாக எடுக்கிறார்கள். நிற்கும்போது துடிப்பை எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு 125 அடி போய் 125 அடி திரும்பும் டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவான ஓட்டம்). ஓட ஆரம்பித்த நொடியில் கடிகாரத்தை அழுத்தி, சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ண வேண்டும். ஓடி முடித்து நின்ற பிறகு கடிகாரத்தை அழுத்துபவர்களுக்கு எப்போதும் நல்ல எண்தான் வரும், ஏனென்றால் குதிரைக்குக் கூடுதல் ஓய்வு கிடைத்துவிடுகிறது. இன்னொரு சிக்கல்: 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கும்போது ஒரு துடிப்பு பிசகினாலே 4 வித்தியாசம் வந்துவிடும். ஆகவே 64/68 வந்தால் 30 விநாடி எண்ணி உறுதிசெய்யுங்கள். கூட வந்த குதிரை அப்போதுதான் கிளம்பிப் போனதா, கனைக்கிறதா என்றும் பாருங்கள். 64/72 எண்ணிக்கைப் பிசகில் வருவதில்லை. லப்-டப் இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு என்பதையும் புதியவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். இரண்டாக எண்ணிவிட்டுப் பதறுபவர்கள் உண்டு.

துடிப்பு இறங்காமல் தொங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: உடல் சூடு, நீர்க்குறைவு, வலி. தெர்மாமீட்டர் 40-க்கு மேல் காட்டினால் சூடு. ஈறு ஒட்டினால், கழுத்துச் சிரையை அடியில் அழுத்தினால் மெதுவாக நிரம்பினால், நீர்க்குறைவு. இரண்டும் சரியாக இருந்தும் துடிப்பு இறங்கவில்லை என்றால் எங்கோ வலிக்கிறது: தொடைத் தசை, குளம்பு, வயிறு என்று தொட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியது இரண்டாவது வகை. சூடும் சேர்ந்திருக்கலாம், வெப்பநிலையை நீங்கள் குறிப்பிடவில்லை.

"குடிக்கவில்லை, அப்படியென்றால் தாகம் இல்லை" என்ற கணக்கு மனிதனுக்குப் பொருந்தும், குதிரைக்குப் பொருந்தாது. நம் வியர்வை நீர்த்தது. அது போகப் போக ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும், மூளை தாகத்தைக் கிளப்பும். குதிரை வியர்வையில் உப்பு ரத்தத்தில் உள்ள அளவுக்கு இருக்கும், சில நேரம் அதற்கும் மேல். நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் அளவுதான் குறைகிறது, செறிவு ஏறுவதில்லை. மூளைக்குச் செய்தியே போகாது. வெக்கையில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 3 கிராம் சோடியம், 5 முதல் 6 கிராம் குளோரைடு, ஒரு கிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம். 20 லிட்டர் போயிருந்தால் கிட்டத்தட்ட 200 கிராம் உப்பு போயிருக்கிறது. உங்கள் 60 கிராம் ஊசிக்குழலை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

குளோரைடு அதிகம் போவதால் ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அதனால் பயன்படும் நிலையில் உள்ள கால்சியம் குறைகிறது. அப்போதுதான் இதயம் துடிக்கும் தாளத்திலேயே விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டுத் தோல் வெட்டி வெட்டி அடிக்கும், தம்ப்ஸ் என்போம். அதைக் கண்டால் போட்டி அதோடு முடிந்தது, மருத்துவரிடம் நேரே கொண்டுபோங்கள். இதே காரணத்தால்தான் எண்டூரன்ஸ் குதிரைக்குச் சோடா உப்பு கலந்த எலக்ட்ரோலைட் கொடுக்கக் கூடாது. குறுந்தூரப் பந்தயத்துக்கென்று விற்கும் பொட்டலங்களில் அது இருக்கும், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

வாளியும் பஞ்சும்

டாக்டர் சொன்னதற்கு மேல் போட்டியைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன்.

அந்த 60 கிராமைப் பெட்டிக்குள் வையுங்கள். குடிக்காத குதிரையின் வயிற்றில் கெட்டியான உப்பை இறக்கினால், அதை நீர்க்க வைக்க உடம்பு ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் எடுக்கும். ஏற்கெனவே ரத்தம் சுண்டிக் கிடக்கிறது. போதாததற்கு வெறும் வயிற்றில் திரும்பத் திரும்ப உப்புப் பேஸ்ட் போனால் இரைப்பைப் புண் கூடும். ஒழுங்கு இதுதான்: குடித்தது, இரண்டு வாய் தின்றது, அதற்குப் பிறகு 30 கிராம் போல. இரண்டு பங்கு சாதாரண உப்பு, ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. ஆப்பிள் கூழிலோ எண்ணெயிலோ குழைத்துக் கொடுத்துவிட்டு உடனே மறுபடி தண்ணீரைக் காட்டுங்கள். முதல் கேட்டிலேயே, அது ஒரு வாளி குடித்த நேரத்தில், கொடுத்திருக்க வேண்டிய உப்பு அது. நல்லா இருக்கும்போது கொடுப்பதுதான் பலன் தரும்.

குடிக்க மறுக்கும் குதிரைக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் வாளியில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 90 கிராம். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் வாளி. உப்புத் தண்ணீர் குடித்த குதிரைக்கு ரத்தத்தின் உப்பு நீர்த்துப் போகாது, அதனால் தாகம் சீக்கிரம் அணையாது. பிறகு வெறும் தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும். ஆனால் இதைப் போட்டியன்று முதன்முதலாகக் காட்டினால் மூக்கைச் சுளிக்கும். பயிற்சி நாட்களில் சில வாரம் பழக்க வேண்டும். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்க வேண்டியதில்லை, நிழலில் வைத்த தண்ணீரைத்தான் நிறையக் குடிக்கும். சூடாக வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது, வயிறு வலிக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வாளியைப் பத்து நிமிடம் ஒளித்து வைத்தால், குடிக்க விருப்பமுள்ள ஒரே நேரம் போய்விடும்.

குளிர்விப்பது: தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுத்து, மார்பு, தோள், வயிற்றின் அடி, தொடையின் உட்பக்கம். ஈரக் காற்றில் வியர்வை காய்வதே இல்லை, சொட்டி வீணாகும். அங்கே சூட்டை எடுத்துக்கொண்டு போவது ஓடும் தண்ணீர்தான். ஊற்று, வழி, ஊற்று, வழி என்று வழிப்பானை (மேலுள்ள தண்ணீரை வழித்தெடுக்கும் பட்டை) பிடித்து நிற்கும் நேரத்தில் இன்னும் இரண்டு வாளி ஊற்றிவிடலாம். நனைத்த துண்டை முதுகில் போட்டு விட்டுவிடுவது அதைவிட மோசம், ஐந்து நிமிடத்தில் அது கம்பளி ஆகிவிடும்.

பின்பக்கம் குறித்த சண்டை: 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றலாம், அதனால் தசை கெடுவதில்லை என்பது தெளிவாகிவிட்டது. 40-க்கு மேல் இருக்கும் குதிரைக்கு எந்த இடத்தையும் மிச்சம் வைக்காமல் ஊற்றுவேன். வெப்பநிலை 39-க்குக் கீழே வந்துவிட்டது, மார்புத் தோல் தொட்டால் குளிர்கிறது, காற்று வேறு வீசுகிறது என்றால் நிறுத்துவேன். அந்த நிலைக்குப் பிறகும் பிட்டத்தில் ஊற்றிக்கொண்டே நிற்பவர்கள்தான் "தசை பிடித்துக்கொண்டது" என்று பிறகு சொல்கிறார்கள்.

தெர்மாமீட்டரை ஆசனவாயின் சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். களைத்த குதிரைக்கு அந்த இடம் தளர்ந்து காற்று புகுந்திருக்கும். நடுவில் மிதந்தால் 38 என்று பொய் சொல்லும். அப்படித் தளர்ந்திருப்பதே ஒரு அறிகுறி என்று டாக்டர் சொல்வார்.

மூச்சு துடிப்பைவிட வேகமாக இருந்தால் (துடிப்பு 60, மூச்சு 90) பதற வேண்டாம், தெர்மாமீட்டரைப் போடுங்கள். பெரும்பாலும் சூட்டைக் கழிக்க மூச்சு வாங்குகிறது.

லாடம் நாலு

"நொண்டல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது?

கயிற்றைத் தாடைக்கு அடியில் இறுக்கிப் பிடித்து ஓட்டினால் தலை ஆட முடியாது, தலை ஆடாவிட்டால் முன்கால் நொண்டல் தெரியாது. ஒரு முழம் கயிறு தொங்க விட்டு, குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் ஓடுங்கள். வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பெலும்பின் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் ஏறி இறங்கும். திரும்பும் இடத்தில் இழுத்துத் திருப்பாமல் குதிரைக்கு வெளிப்பக்கமாக நடந்து திருப்புங்கள். உள்ளே நின்று இழுத்தால் நல்ல குதிரையும் ஒரு அடி தடுமாறும்.

ஏ.இ.ஆர்.சி. அளவுகோலில் நேர்கோட்டில் டிராட் ஓடும்போது ஒவ்வொரு முறையும் தெரியும் நொண்டல் மூன்றாம் நிலை, அதோடு வெளியே. ஒருமுறை தெரிந்து மறுமுறை மறைந்தால் குளம்பைத் தூக்கி லாடத்துக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா, ஆணி முனை மடிப்பு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்கு முந்தின நாள் லாடம் அடிக்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் முன்னால் அடித்தால் ஆணி நெருக்கி இறங்கியிருந்தால் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், சேணத்தை இறக்கியதும் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நாலு விரலால் அழுத்திக்கொண்டே பின்னுக்குப் போங்கள். வியர்வை ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த இடம் இருந்தால் அங்கே சேணம் கடிக்கிறது. வயிற்றுப்பட்டை உரசும் இடத்தையும், வாயின் இரண்டு ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நெடுவழி

நன்றி. வெப்பநிலை 39.8. குதிரையை நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு சிகிச்சை தேவையா, தானாகத் தேறிவிடுமா? எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? குடல் ஓசையை எங்கே, எவ்வளவு நேரம் கேட்பது?

ஸ்டெத்

குடல்: இரண்டு பக்கமும் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிமிடம் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருங்கள். பத்து விநாடி கேட்டுவிட்டு "இல்லை" என்று எழுதுவது செல்லாது. வலது மேல்பக்கம் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) இருக்கிறது. அங்கே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தண்ணீர்க் குழாய் கொட்டுகிற மாதிரி நீளமான ஓசை வரும். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடல் கொஞ்சம் அடங்குவது இயல்பு. ஓய்வில் 20 நிமிடத்தில் திரும்ப வேண்டும். திரும்பாமல் நான்கும் மௌனமாகிவிட்டால் அது கோலிக்கின் (குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி) வாசல்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்: நிழல், குளிர்வித்தல், நனைத்த வைக்கோல், இரண்டு வாளி. 30 நிமிடம் கழித்தும் துடிப்பு 60-க்கு மேலேயே நின்றாலோ, வெப்பநிலை 40-க்குக் கீழே வர மறுத்தாலோ, இன்னும் தின்னவில்லை என்றாலோ சிகிச்சைக் கூடாரத்துக்குப் போங்கள். தலையைத் தொங்கவிட்டு, சுற்றி நடப்பதைக் கவனிக்காமல் ஒரே இடத்தில் நின்றால் 30 நிமிடம்கூட வேண்டாம்.

திரவம் ஏற்றுவது பற்றி ஒரு கணக்கு. 430 கிலோ குதிரை 6 சதவீதம் நீர் இழந்திருந்தால் குறை சுமார் 26 லிட்டர். மனிதர்களுக்கு மாட்டும் அரை லிட்டர் பாட்டில் என்றால் 52. ஒரே ஒரு பாட்டிலை மாட்டிவிட்டு "குளுக்கோஸ் ஏத்தியாச்சு" என்பது நம் மன ஆறுதலுக்கு. 5 லிட்டர் பைகள், அகலமான கழுத்துச் சிரைக் குழாய், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 10 முதல் 20 லிட்டர், பிறகு துடிப்பையும் ஈறையும் பார்த்து மேற்கொண்டு. கார நிலை ஏற்கெனவே இருப்பதால் குளோரைடு நிறைந்த 0.9 சதவீத சலைன் பொருந்தும். ரிங்கர் லாக்டேட்தான் கையில் இருக்கிறது என்றால் அதைக் கொடுங்கள்; அளவு போய்ச் சேர்வதுதான் முதலில் முக்கியம். பொட்டாசியம் சேர்த்தால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டக் கூடாது; இந்தக் குதிரைக்கு மணிக்கு 215. அதனால் பொட்டாசியம் கலந்த பையை முழு வேகத்தில் திறந்துவிடாதீர்கள். தம்ப்ஸ் இருந்தால் 23 சதவீத கால்சியம் போரோகுளுகோனேட்டை 5 லிட்டர் சலைனில் கலந்து, ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் மேல் வைத்தபடி மெதுவாக. தாளம் தவறினால் உடனே நிறுத்த வேண்டும். சோடியம் பைகார்பனேட் வேண்டாம், சிறுநீர் பெருக்கி வேண்டாம், ரத்த அழுத்தத்தை இறக்கும் ஏசிபுரோமசின் வேண்டவே வேண்டாம்.

மூக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் கொடுப்பது மலிவு, வேகம். ஒரு தடவைக்கு 6 லிட்டர் வரை. ஆனால் குழாய் உள்ளே போனதும் முதலில் வயிற்றில் தேங்கியிருப்பது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குடல் அசையாத குதிரைக்கு மேலே மேலே ஊற்றினால் இரைப்பை கிழியும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

வலி மருந்து: ஃபுளுனிக்சினோ பியூட்டசோனோ, நீர் வற்றிய குதிரைக்கு முதல் மருந்தாகக் கூடாது. ரத்தம் குறைவாகப் பாயும் சிறுநீரகத்துக்குள் மிஞ்சிய ஓட்டத்தைக் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் வேதிப்பொருள். இந்த மருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன. முதலில் திரவம் போகட்டும், சிறுநீர் வரட்டும், பிறகு மருத்துவர் தீர்மானிக்கட்டும். இன்னும் போட்டியில் இருக்கும் குதிரை என்றால் பேச்சே இல்லை. விதிப்படி தடை என்பதோடு, வலி மறைந்த காலில் முழு வேகத்தில் ஓடும்போதுதான் சிறு விரிசல் முழு எலும்பு முறிவாகிறது.

வாளியும் பஞ்சும்

மருத்துவர் விட்டாலும் நீங்கள் நிறுத்தலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏ.இ.ஆர்.சி. பதிவில் இதற்கென்றே "ரைடர் ஆப்ஷன்" (சவாரி செய்பவரின் விருப்பம்) என்று தனிக் குறியீடு உண்டு. மருத்துவர் பார்ப்பது ஐந்து நிமிடம். காலையிலிருந்து கூட இருப்பது நீங்கள்.

அடுத்த தடவைக்கு: இரண்டாம் சுற்றின் கடைசி ஒரு கி.மீ. இறங்கி நடங்கள், வயிற்றுப்பட்டையை ஒரு துளை தளர்த்துங்கள். வழியில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரிலும் நில்லுங்கள், பின்னால் வருபவர் தாண்டிப் போனாலும் சரி. தானியத்தைப் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இன்சுலின் ஏறி, கொழுப்பை எரிக்க விடாது. வைக்கோலைக் கடைசி நிமிடம் வரை கொடுங்கள். நார்தான் பெருங்குடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி.

நெடுவழி

கடைசியாக ஒன்று. தேறிவிட்டது, தின்கிறது. அன்று இரவே வண்டியில் ஏற்றலாமா? எத்தனை நாளில் மறுபடி சவாரி?

ஸ்டெத்

தின்று, குடித்து, சாணம் போட்டு, சிறுநீர் கழித்த பிறகு ஏற்றுங்கள். வண்டியில் நின்று சமாளிப்பதும் தசைக்கு வேலைதான். முதல் சிறுநீரின் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். காபி நிறத்தில் வந்தால் தசை சிதைந்திருக்கிறது. அன்று பயணம் இல்லை, நடத்தவும் கூடாது, நின்ற இடத்திலேயே திரவம்.

நீர் ஓரிரு நாளில் சரியாகிவிடும். தசையில் சேமித்த எரிபொருளான கிளைக்கோஜன் நிரம்ப மூன்று நாள் வரை ஆகும், மனிதனைவிடத் தாமதம். வளர்சிதைக் கோளாறால் நிறுத்தப்பட்ட குதிரைக்குப் போட்டி விதிகள் கூடுதல் ஓய்வு நாள் விதிக்கும். அதற்கு மேலும் ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே., ஏ.எஸ்.டி. இரண்டும் இயல்புக்கு வந்ததைப் பார்த்துவிட்டுச் சேணம் போடுங்கள்.

அதுவரை முதல் நான்கு நாள் காலையும் மாலையும் நான்கு குளம்பின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். கணுக்காலின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஓடும் தமனியை விரலால் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக அந்தத் துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். தொட்டதும் விரலை இடித்தால், குளம்பும் சூடாக இருந்தால், லாமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அதுவரை குளம்புகளை ஐஸ் நீரில் நிற்க வையுங்கள்.

லாடம் நாலு

ஐஸ் கணுக்கால் வரை நிற்க வேண்டும், குளம்பு நனைந்தால் மட்டும் போதாது. லாடத்தை அன்றைக்கே கழற்ற நினைத்தால் முதலில் எக்ஸ்ரே, பிறகு குறடு.